நான் அனுப்புவதை மட்டுமே அவர் பார்க்கிறார்

எங்கள் மருத்துவமனையில் ரேடியாலஜிஸ்ட், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. 40 படுக்கைகள், ஓர் எக்ஸ்ரே மெஷின், பிற்பாடு வந்து சேர்ந்த ஒரு சி.டி. ஸ்கேனர், இவற்றை இயக்க இரண்டு டெக்னீஷியன்கள். அந்த இருவரில் ஒருவன் நான். பெரிய மருத்துவமனைக்குப் போக ஆம்புலன்ஸில் இரண்டரை மணி நேரம் பிடிக்கும், மழை இல்லாவிட்டால்.

முன்பெல்லாம் ஃபிலிமைக் கழுவி, காயவைத்து, டியூட்டி டாக்டர் கையில் கொடுப்பேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எலும்பு இரண்டாக முறிந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியும். சந்தேகமாக இருப்பவற்றை ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு வைப்போம். வாரம் ஒருமுறை வருகிற ரேடியாலஜிஸ்ட் ஒரே உட்காரலில் அத்தனையையும் பார்த்து எழுதித் தந்துவிட்டு, வண்டியைப் பிடிக்க ஓடுவார். ஒருமுறை அந்த ரிப்போர்ட் கட்டில், 'வலது நுரையீரல் மேல்பகுதியில் குழி தெரிகிறது, காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யவும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஆள் நான்கு நாளுக்கு முன்பே இருமல் மருந்தோடு வீட்டுக்குப் போயிருந்தார். தேடிப் பிடிப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வாரமும் அவர் வீட்டில் யார் யார் பக்கத்தில் படுத்திருந்தார்களோ.

அதனால் டெலிரேடியாலஜி வருகிறது என்று சொன்னபோது நான் ரொம்பவே சந்தோஷப்பட்டேன். இங்கிருந்து படம் போகும், எங்கோ உட்கார்ந்திருக்கும் நிபுணர் பார்ப்பார், ரிப்போர்ட் வந்துவிடும், நம் வேலை மெஷினோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு என்று புரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் நாங்கள் செய்த பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் இடத்திலும் இந்தச் சேவை வரப் போகிறது என்றால் உதவலாம்.

முதலில், என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெஷினில் இருந்து வெளிவரும் படம் டைகாம் என்ற வடிவத்தில் இருக்கும். எந்த நிறுவனத்தின் மெஷினில் எடுத்தாலும் எந்தக் கணினியிலும் திறக்க வேண்டும் என்பதற்காக 1980களில் தொடங்கி, 1993இல் இந்தப் பெயரோடு வந்த பொதுத் தரம் அது. படத்தோடு நோயாளியின் பெயர், எண், வயது, பாலினம், எடுத்த நேரம், மெஷின் அமைப்புகள் எல்லாம் ஒரே கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். அது பூட்டிய இணைய வழியாக ஒரு சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து ரேடியாலஜிஸ்ட் தன் திரையில் திறந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறார். நமக்கு நள்ளிரவாக இருக்கும்போது அவர் இருக்கும் நாட்டில் காலை பத்து மணியாக இருக்கலாம். தூக்கக் கலக்கம் இல்லாத கண்கள் நம் இரவுப் படங்களைப் பார்ப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய லாபங்களில் ஒன்று. யோசனை என்னவோ பழையதுதான். 1948லேயே அமெரிக்காவில் வெஸ்ட் செஸ்டரில் இருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக எக்ஸ்ரே படத்தை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, முதல் பாடத்துக்கு வருகிறேன். அது செல்போனில் ஆரம்பித்தது.

சேவை தொடங்கிய இரண்டாம் மாதம். ஒரு வயதானவர் மூன்று நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார், பேச்சு குழறுகிறது என்று கொண்டுவந்தார்கள். தலைக்கு சி.டி. எடுத்தோம். அன்றைக்கென்று இணைய இணைப்பு போய்விட்டது. டியூட்டி டாக்டர் அவசரத்துக்கு, என் மானிட்டரில் தெரிந்த படங்களைத் தன் போனில் ஒன்பது போட்டோ எடுத்து, தனக்குத் தெரிந்த மூளை அறுவை நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார். ரத்தக் கசிவு எதுவும் தெரியவில்லை என்று பதில் வந்தது. எங்களுக்கும் தெரியவில்லை. ரத்த அழுத்த மருந்தை மாற்றிப் படுக்க வைத்தார்கள்.

விடியற்காலையில் இணைப்பு வந்ததும் முழுக் கோப்பையும் அனுப்பினேன். இருபது நிமிடத்தில் போன் அடித்தது. "இவர் ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி எங்கேயாவது விழுந்தாரா?" என்று கேட்டார் ரேடியாலஜிஸ்ட். மகளிடம் போய்க் கேட்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்தாராம், அப்போது ஒன்றும் ஆகவில்லையாம், அதனால் சொல்லவில்லையாம். மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் பழைய ரத்தம் தேங்கியிருந்தது.

அது ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? புதிதாகக் கசிந்த ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். நாள் ஆக ஆக அதன் அடர்த்தி குறையும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒரு கட்டத்தில் மூளையின் சாம்பல் நிறத்துக்கே வந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நடுக்கோடு தள்ளிப்போய்க் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அதுவும் தள்ளாது. மூளையின் மடிப்புகள் ஓடு வரை வந்து சேர்கின்றனவா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சி.டி. படத்துக்குள் 4096 சாம்பல் படிகள் இருக்கும். திரையில் ஒரு நேரத்தில் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் விரித்துக் காட்ட முடியும். எலும்புக்கு ஒரு விரிப்பு, நுரையீரலுக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று. விண்டோ என்று சொல்வோம். ரேடியாலஜிஸ்ட் மவுஸை அசைத்து அசைத்து இந்த விண்டோவை மாற்றிக்கொண்டேதான் படம் பார்க்கிறார். செல்போன் போட்டோவில் இருப்பது 256 படிகள். அதுவும் நான் வைத்திருந்த விண்டோவில் உறைந்து போனவை. அனுப்பும் செயலி அதையும் நசுக்கிச் சுருக்கிவிடும். அந்த நிபுணர்மீது குற்றமே இல்லை. அவருக்குக் கிடைத்த ஒன்பது போட்டோக்களில் அந்த ரத்தம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அந்தப் பெரியவரை அன்று காலையே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு வடித்தார்கள். நன்றாகிவிட்டார். ஆனால் ஓர் இரவு வீணாகப் போனது.

இப்போது எங்களிடம் இரண்டாவதாக ஒரு மொபைல் இணைப்பு இருக்கிறது. முதல் இணைப்பு விழுந்தால் அது எடுத்துக்கொள்ளும். அப்படியும் போட்டோ அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், 'போட்டோ பார்த்துச் சொன்ன கருத்து, முழுப் படம் இன்னும் போகவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். இன்னொன்று, போட்டோவின் மூலையில் நோயாளியின் பெயர் இருக்கும். அது யார் யார் போனுக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது.

இணைப்பைப் பற்றிப் பேசும்போதே ஒரு விஷயம். இணைப்புக் கொடுப்பவர் சொல்லும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகம். நமக்கு வேண்டியது ஏற்றும் வேகம். இது தெரியாமல் நாங்கள் ஆறு மாதம் திணறினோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சி.டி.யின் ஒரு துண்டுப் படம் 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்.பி. மெல்லிய துண்டுகளாக 300 எடுத்தால் 150 எம்.பி. ஏற்றும் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் இது போய்ச் சேரப் பத்து நிமிடம். தரம் குறையாமல் சுருக்கும் முறையைப் போட்டால் பாதிக்குப் பாதி மிச்சமாகும். அந்த வசதி எங்கள் மென்பொருளில் முதல் நாளில் இருந்தே இருந்திருக்கிறது, யாரும் ஆன் செய்யவில்லை! இப்போது அவசரக் கேஸில் 5 மில்லிமீட்டர் தடிமனான துண்டுகளை முதலில் அனுப்பிவிடுவேன். முப்பது நாற்பது படம்தான், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பெரிய ரத்தக் கசிவு இருக்கிறதா இல்லையா என்று அதை வைத்தே சொல்லிவிடுவார்கள். மெல்லிய துண்டுகள் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது, இந்தக் கட்டுரையை எழுத வைத்த சம்பவம்.

இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். தலைவலி, முந்தைய இரவு ஒருமுறை வலிப்பு. ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க தலைக்கு சி.டி. எழுதியிருந்தார் டாக்டர். அனுப்பும்போது 'நோயின் விவரம்' என்ற கட்டம் வரும். அதில் நான் 'தலைவலி' என்று அடித்து அனுப்பினேன். ஒரே சொல். வலிப்பைக்கூட எழுதவில்லை. வரிசையில் இன்னும் நான்கு பேர் நின்றார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை.

ரிப்போர்ட் வந்தது: ரத்தக் கசிவு இல்லை, கட்டி இல்லை, வீக்கம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "அப்ப இவங்களுக்கு வெறும் தலைவலிதானா? பிரசவம் ஆகி பன்னண்டு நாள்தானே ஆகுது, பாவம்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

பிரசவம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏதோ உறுத்தியது. மருத்துவ அறிவு என்று சொல்ல மாட்டேன். படித்த காலத்தில் எங்கோ கேட்ட ஒரு வரி. ரேடியாலஜிஸ்டுக்குப் போன் செய்து, வலிப்பு வந்தது, பன்னிரண்டு நாள் முன்பு பிரசவம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மவுஸ் உருளும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "பின்மண்டைப் பக்கம் நடுவுல ஒரு முக்கோணம் வெள்ளையா இருக்கு பாருங்க, முப்பதாம் படத்துக்குப் பக்கத்துல" என்றார். பார்த்தேன். மூளையில் இருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய சிரைத் தடம் அது. கொஞ்சம் வெள்ளையாகத்தான் இருந்தது. உடலில் நீர் குறைந்த இளவயதுக்காரர்களுக்கு அது லேசாக வெளுத்துத் தெரிவது சகஜம் என்பதால், வெறும் தலைவலி என்ற விவரத்தோடு அதைப் பார்த்தபோது அவர் இயல்பானதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். பிரசவமும் வலிப்பும் சேர்ந்தவுடன் அதே முக்கோணத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். அந்தச் சிரைத் தடத்துக்குள்ளேயே உறையலாம்.

சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, சிரைகள் நிறையும் நேரத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மருந்தின் அளவு, வேகம், எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் போனிலேயே. எடுத்தோம். முக்கோணத்தின் ஓரம் மட்டும் மருந்தில் பளிச்சென்று நிறைந்து, நடுவில் கருப்பாக ஒரு பள்ளம். உறைகட்டி உட்கார்ந்திருந்த இடம் அதுதான். முதல் ரிப்போர்ட்டைத் திருத்தி, திருத்திய நேரத்தைப் போட்டு, மறு ரிப்போர்ட் அனுப்பினார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஆரம்பித்துத்தான் மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.

வண்டி ஏறும் முன் அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்த மருந்து போட்டதுக்கப்புறம் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?" எனக்குத் தெரியாது. மறுபடி ரேடியாலஜிஸ்டிடமே கேட்டேன். தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். உடம்பில் ஏற்றிய கான்ட்ராஸ்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பாலுக்கு வருமாம், அதிலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் குழந்தையின் ரத்தத்தில் சேருமாம். பெரிய ஊரில் நிபுணர் பக்கத்து அறையிலேயே இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். ஒரு போன் எண் இருந்ததால் எங்களுக்கும் கிடைத்தது.

அன்றிலிருந்து அந்தக் கட்டத்தை நான் ஒரு சொல்லில் நிரப்புவதில்லை. என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, எந்த இடத்தில் வலி, முன்பு என்ன அறுவை சிகிச்சை, புற்றுநோய் உண்டா, கர்ப்பமா, சமீபத்தில் பிரசவமா. டாக்டர் எழுதித் தரவில்லை என்றால் நானே நோயாளியிடம் கேட்டுவிடுகிறேன். விலா எலும்புப் படத்துக்கு 'விழுந்துவிட்டார்' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், 'இடது பக்கம், பின்புறம், மார்புக் காம்புக்கு நேர் உயரத்தில் ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிறார்' என்று எழுதுவேன். மெல்லிய விரிசல் இருக்கும் இடத்தில் அவர் இரண்டாம் முறை பார்ப்பதற்கு அந்த ஒரு வரி போதும். இந்த வேலையைச் செய்ய ஒரு நிமிடம் ஆகிறது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

என் இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். இது நினைத்தால் இன்னமும் வயிற்றைக் கலக்கும்.

மூச்சுத்திணறலோடு வந்த ஒருவருக்கு மார்பு எக்ஸ்ரே. நிற்க வைத்து, முதுகுப் பக்கமிருந்து கதிர் பாய்வது போல எடுத்தேன். ஆனால் மெஷினின் திரையில் தவறுதலாக, முன்பக்கமிருந்து எடுக்கும் முறையைத் தேர்ந்திருந்தேன். மென்பொருள் தானாகவே படத்தை இடம் வலமாகப் புரட்டிவிட்டது. மார்பின் மேல் ஒட்டி வைக்கும் ஈய எழுத்தை அன்று நான் வைக்கவில்லை. படம் வந்த பிறகு, பழக்க தோஷத்தில் வழக்கமான மூலையில் கணினியிலேயே 'இடது' குறியைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ரிப்போர்ட்டுக்குப் பதிலாக ரேடியாலஜிஸ்டிடமிருந்து போன் வந்தது. "இதயத்தோட நுனி வலது பக்கம் பார்க்குது. இரைப்பைக் காற்றும் வலது பக்கம் இருக்கு. உறுப்புகள் எல்லாம் பக்கம் மாறிப் பிறக்கிறவங்க பத்தாயிரத்துல ஒருத்தர். நீங்க போட்ட குறி ஈயமா, கணினியில் போட்டதா?" எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அந்த நோயாளிக்கு ஒரு பக்க நுரையீரலைச் சுற்றி நிறைய நீர் சேர்ந்திருந்தது. படத்தின்படி அது வலது பக்கம். உண்மையில் இடது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துத்தான் ஊசி குத்தி நீரை எடுப்பார் என்பது உண்மை. ஆனாலும் நெரிசலான ஒரு நாளில், ரிப்போர்ட்டிலும் 'வலது' என்றே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மறுபடி எடுத்து அனுப்பும் வரை அவர் ரிப்போர்ட் தர மறுத்துவிட்டார். அந்த நேரம் எரிச்சலாக இருந்தது. இரவு வீட்டுக்குப் போகும் வழியில்தான் நன்றி தோன்றியது. ஈய எழுத்தைக் கதிர் பாயும் முன்பே உடலோடு சேர்த்து வைத்தால் படம் எப்படிப் புரண்டாலும் எழுத்தும் கூடவே புரளும், கண்டுபிடித்துவிடலாம். பின்னால் கணினியில் போடும் குறிக்கு அந்த யோக்கியதை கிடையாது. இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்ததுதான். மெஷின் நவீனமானதும் மறந்துபோனது.

ரிப்போர்ட் வந்துவிட்டது என்பதும் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது என்பதும் வேறு வேறு. இதையும் நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். ஒரு நாள் இரவு வயிற்றுவலிக்காரர் ஒருவரின் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தது. குடலோ இரைப்பையோ ஓட்டையாகியிருக்கிறது என்பதற்கான அடையாளம். உடனே அறுவை வேண்டும். ரிப்போர்ட் 2.10க்கே என் அறைக் கணினியில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் ஐ.சி.யூ.வில் நகரும் எக்ஸ்ரே மெஷினோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. பார்த்தபோது மணி நாலரை. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியவில்லை. அதன் பிறகு சேவை நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசி ஒரு பட்டியல் போட்டோம். மூளையில் ரத்தம், குடல் ஓட்டை, நுரையீரல் சுருங்கி மார்பில் காற்று, பெருந்தமனிக் கிழிசல், உடலுக்குள் விட்ட குழாய் தப்பான இடத்தில் இருப்பது போன்றவற்றுக்கு ரேடியாலஜிஸ்ட் நேராக டியூட்டி டாக்டர் போனுக்கு அழைக்க வேண்டும். டாக்டர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னார் என்பது ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்க வேண்டும். டியூட்டி போன் ஷிஃப்ட் மாறும்போது கைமாறும். எவர் வீட்டுக்கும் போகாது.

பக்கவாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் குடும்பத்தார் குழம்பும் அளவுக்கு வேறெதிலும் குழம்புவதில்லை. கை கால் விழுந்த நிலையில் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள், சி.டி. எடுக்கிறோம், 'ரத்தக் கசிவு இல்லை' என்று வருகிறது. "ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று மகன் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சி.டி. ஏறக்குறைய இயல்பாகவே இருக்கக்கூடும். அந்த ஸ்கேனை எடுப்பதே கசிவு இல்லை என்று உறுதி செய்யத்தான். இல்லை என்றால்தான் குழாயை அடைத்திருக்கும் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட முடியும். அதற்குப் பொதுவான எல்லை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். முன்பு எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஊசி கிடைக்கவே கிடைக்காது. ஸ்கேனைப் படிக்க ஆள் இல்லாததால் அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவோம், வழியிலேயே இரண்டரை மணி நேரம் போய்விடும். இப்போது ஸ்கேன் எடுத்து, தடித்த துண்டுகளை அனுப்பி, போனில் பதில் வாங்கி, ஊசியை இங்கேயே போட்டு, அப்புறம் அனுப்புகிறோம். பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி விட்டு உறைகட்டியை எடுக்கும் சிகிச்சைக்கு, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு என்பதால் அந்தப் பயணமும் அவசியம்தான். இதிலும் ரேடியாலஜிஸ்ட் முதலில் கேட்கும் கேள்வி படத்தைப் பற்றியதாக இருக்காது. "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" தூங்கி எழுந்தபோது இப்படி இருந்தது என்றால், தூங்கப் போன நேரத்தில் இருந்து கணக்கு. கூட வந்தவர் டீ குடிக்கப் போய்விட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதனால் வீட்டார் ஒருவரை ஸ்கேன் அறை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. அல்ட்ராசவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உடல்மேல் வைத்து நகர்த்தும் புரோபைக் கையில் பிடித்திருப்பவர்தான் கண்டுபிடிக்கிறார். அவர் தேடாத இடத்தைத் தொலைவில் இருப்பவர் பார்க்கவே முடியாது. கான்ட்ராஸ்ட் ஏற்றலாம் என்று போனில் சொல்லலாம். ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் போட இங்கே ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். டாக்டர் நிற்காமல் நான் ஏற்றுவதில்லை. அதேபோல 'முறிவு தெரியவில்லை' என்பது முறிவு இல்லை என்று ஆகாது. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இருக்கும் சிறு எலும்பு, வயதானவர்களின் இடுப்பு, இரண்டும் முதல் எக்ஸ்ரேயில் ஏமாற்றும். வலி இருந்தால் கட்டுப் போட்டுப் பத்து, பதினான்கு நாளில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அல்லது மேல் ஸ்கேன். அந்த வரி ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும். பலர் முதல் வரியோடு மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவும் எங்கள் சர்வரில் வந்திருக்கிறது. மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் வடிகட்டலுக்கு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் ஆள் படிப்பதற்கு மாற்றாக இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. எங்களுக்கு அது செய்யும் நல்ல காரியம், சந்தேகப் படங்களை வரிசையில் முன்னே தள்ளுவது. தோல் மடிப்பைப் பார்த்து மார்புக்குள் காற்று என்று அலறுவதும் உண்டு. ஒருநாளில் மூன்று முறை அலறினால் நாலாவது முறை மனிதர்கள் எழுந்திருக்க மாட்டார்கள், எனக்குக் கவலை அதுதான்.

பழைய படங்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ஒரு மூதாட்டிக்கு நுரையீரலில் ஒரு புள்ளி. சந்தேகத்துக்கிடமானது, சி.டி. எடுத்து ஊசி வைத்துச் சதை எடுக்க வேண்டியிருக்கலாம், பழைய படம் இருந்தால் ஒப்பிடலாம் என்று ரிப்போர்ட். பழைய படமெல்லாம் எங்கே இருக்கப் போகிறது என்று நான் கேட்காமலே விட்டிருப்பேன். கூட வந்த பேத்தி, "பாட்டி பெட்டியில எல்லாத்தையும் வச்சிருக்கும்" என்றாள். மறுநாள் ஆறு வருடத்துக்கு முந்தைய ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். ஸ்கேன் செய்து அனுப்பினேன். அதே புள்ளி, அதே அளவு, அதே இடம். இத்தனை வருடம் வளராத புள்ளியைத் துரத்த வேண்டாம் என்று பதில் வந்தது. இப்போது சீட்டு எழுதும் இடத்திலேயே, முன்பு எடுத்த படம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

சேவையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் தரப்பில் இருந்து சில வார்த்தை. எத்தனை நிமிடத்தில் ரிப்போர்ட் என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட, கையெழுத்துப் போடுபவர் யார், நோயாளி இருக்கும் இடத்தின் சட்டப்படி அவருக்கு அதற்கு உரிமம் உண்டா, இரவில் வருவது முதல்கட்ட ரிப்போர்ட்டா இறுதி ரிப்போர்ட்டா, இரண்டும் மாறுபட்டால் யார் நமக்குச் சொல்வார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு டெக்னீஷியன் நேராகப் போன் செய்து ரேடியாலஜிஸ்டோடு பேச முடியுமா என்று கேளுங்கள். நடுவில் கால் சென்டர் மட்டும்தான் என்றால் நான் வேண்டாம் என்பேன். மேலே சொன்ன பிரசவக் கேஸில் ஒரு டிக்கெட் எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்?

நோயாளிகள் சில நேரம், "டாக்டர் என்னைப் பார்க்காமலே எப்படிச் சொன்னார்?" என்று கேட்பார்கள். பிரசவக் கேஸில் வந்த அந்தப் பெண் மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு இங்கேயே வந்தார். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அடைப்பு பெரும்பாலும் திறந்திருந்தது. படத்தோடு, 'முதல் ஸ்கேன் உங்களிடம்தான் வந்தது, நோயாளி நடந்து வந்திருக்கிறார், தலைவலி இல்லை, வலிப்பு மறுபடி வரவில்லை' என்று விவரக் கட்டத்தில் அடித்தேன். ரிப்போர்ட் வந்த பிறகு தனியாக ஒரு போனும் வந்தது. ஒரு நாளைக்கு அத்தனை படம் பார்க்கிறோம், அதற்கப்புறம் அவர்களுக்கு என்ன ஆனது என்று எங்களுக்கு யாருமே சொல்வதில்லை என்றார். இப்போது மாதக் கடைசியில் ஒரு தாளில் எழுதி அனுப்புகிறேன்: இன்ன எண், அறுவை நடந்தது, நீங்கள் சொன்னது சரி, இன்ன எண், சளியில் கிருமி இல்லை, இன்ன எண், இறந்துவிட்டார். போன மாதத் தாளில் பதினேழு வரிகள் இருந்தன. அதில் இரண்டுக்கு அவர் பழைய படத்தைத் திறந்து, மறுபடி பார்த்து, எனக்குப் போன் செய்தார்.